அடுத்த பிறந்தநாள் யாருக்கு?

வீட்டுக்காரியின் வலது கையில் துணிக்கட்டு இருந்தது. கட்டுக்கு வெளியே தெரிந்த விரல் முட்டிகள் கன்றிப்போயிருந்தன. கணக்கெடுப்புக்கு வந்த பெண் முதலில் பார்த்தது அதைத்தான். படிவத்தைத் திறந்தது அதற்குப் பிறகு.

“உட்காரும்மா” என்றாள் வீட்டுக்காரி.

“எதுக்கு உட்காரணும்? நின்னுக்கிட்டே கேட்டுட்டுப் போகட்டும்” என்றான் கணவன். பட்டறையில் வெல்டர். வாசல் நிலை உயரத்துக்கு ஆள். அந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டு, கழுத்துப் பொத்தான்வரை மாட்டியிருந்தான்.

அடிபட்டும் பறிகொடுத்தும் போலீசுக்குப் போகாதவர்கள் எத்தனை பேர் என்று வீடு வீடாகக் கேட்கிற ஆய்வு அது. வீட்டுக்கு ஒருவரிடம்தான் கேட்க வேண்டும். அந்த ஒருவர் யார் என்பதைக் கேட்பவர் முடிவு செய்யக் கூடாது.

பயிற்சியில் பேராசிரியர் இதை மூன்று முறை சொல்லியிருந்தார். “பார்த்ததும் பாவமா இருக்கிறவங்களைப் பிடிச்சுக் கேட்காதீங்க. அப்புறம் அது ஊரைப் பத்தின ஆய்வா இருக்காது. உங்களைப் பத்தின ஆய்வாயிடும்.”

“வீட்டுல பெரியவங்க ரெண்டு பேர்தானா?” என்று கேட்டாள் அவள். “அடுத்த பொறந்தநாள் யாருக்கு வருதோ, அவங்க பதில் சொல்லணும்.”

“எனக்குத்தான். வர்ற ஒன்பதாம் தேதி” என்றான் வெல்டர். “என்ன கேட்கணுமோ என்கிட்ட கேளுங்க. அவகிட்ட ஒண்ணும் கேட்க வேணாம்.”

அவள் அந்த முட்டிகளை இன்னொரு முறை பார்த்தாள். பதில் சொல்பவர் என்ற கட்டத்தில் ‘மனைவி’ என்று எழுதினாள்.

“நான் அக்காகிட்ட கேட்டுக்கறேன். நீங்க கொஞ்சம் வெளியே இருங்க சார்.”

“இப்பத்தானே பொறந்தநாள் கணக்கு சொன்னீங்க? அதுக்குள்ள மாத்தினா என்ன அர்த்தம்?”

“அதை நான் பார்த்துக்கறேன்.”

“நாலு காகிதத்தைத் தூக்கிட்டு வந்துட்டா பெரிய ஜட்ஜா நீங்க? என் வீட்டுல நான் இருக்கக் கூடாதா?”

“நீங்க இருந்தா இவங்க உண்மையைச் சொல்ல மாட்டாங்க சார்.”

“நான் இல்லைன்னா மட்டும் சொல்லிடுவாளாக்கும்.”

 கணக்கெடுக்க வந்தவள் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் வீட்டுக்காரி குறுக்கிட்டாள்.

“போங்க. சொல்றாங்கல்ல.”

குரல் உயரவே இல்லை. வெல்டர் செருப்புகூடப் போடாமல் வாசலில் இறங்கிப் போய்விட்டான்.

மூன்றாம் மனுஷிக்கு முன்னால் நல்லவன் வேஷம் போடுகிறான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். போக மாட்டேன் என்றபோதும் அவன் கெட்டவனாகத்தான் தெரிந்தான். போனபோதும் அப்படித்தான் தெரிந்தான்.

சைக்கிள் திருட்டு, கைப்பை பறிப்பு, பக்கத்து வீட்டுச் சண்டை. எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ வந்தது. அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

“போன பன்னிரண்டு மாசத்துல வீட்டுல இருக்கிறவங்க யாராவது உங்களை அடிச்சது, தள்ளினது, சூடு வெச்சது உண்டா?”

“இல்லையேம்மா.”

“கையில என்னக்கா?”

“கதவுல இடிச்சுக்கிட்டேன்.”

“அவர் வெளியே இருக்கார். பயப்படாம சொல்லுங்க.”

வீட்டுக்காரி அவளை வேடிக்கையாகப் பார்த்தாள். “நான் எதுக்கும்மா பயப்படணும்?”

அவள் ‘இல்லை’ கட்டத்தில் குறியிட்டாள். சொன்னதை மட்டும்தான் எழுத வேண்டும் என்பது விதி. ஆனாலும் ஓரத்தில் பென்சிலால் ‘பயத்தில் மறுக்கிறார்’ என்று எழுதினாள்.

கிளம்பும்போது பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து, கட்டில்லாத கைக்குள் திணித்தாள். வீட்டில் அடி வாங்குகிறவர்கள் உதவி கேட்டுப் பேச வேண்டிய தொலைபேசி எண் அதில் இருந்தது. “பத்திரமா வெச்சுக்கங்கக்கா. அவர் கண்ணுல பட்டுடப் போகுது.”

“சரிம்மா” என்று வீட்டுக்காரி சிரித்தபடியே கதவைச் சாத்திக்கொண்டாள்.

படியில் குனிந்து ஷூ நாடாவைக் கட்டி முடித்து அவள் வெளிக்கேட்டின் தாழ்ப்பாளைத் தொட்டபோது, பின்னாலிருந்து குரல் வந்தது.

“ஏம்மா, நில்லுங்க.”

வெறுங்காலோடு வெல்டர் வேகமாக வந்துகொண்டிருந்தான். அவள் படிவங்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். மறு கை போனைத் தேடியது.

மிக அருகில் வந்து நின்றான். ஒருமுறை திரும்பி வீட்டு ஜன்னலைப் பார்த்தான். யாரும் பார்க்கவில்லை என்று உறுதியானதும் மூடியிருந்த கையைத் திறந்தான். உள்ளங்கையில் அந்தச் சீட்டு கசங்கிக் கிடந்தது.

“இதை நீங்கதானே அவகிட்ட கொடுத்தீங்க?”

“ஆமா, நான்தான்.” அவள் போனை வெளியே எடுத்தாள்.  “இனிமே அவங்க மேல கை வெச்சீங்கன்னா நானே அந்த நம்பருக்குப் போன் பண்ணுவேன். அப்புறம் நீங்க யாரை மிரட்டறீங்கன்னு பார்க்கறேன்.”

 அவன் சீட்டைத் தொடையில் வைத்து உள்ளங்கையால் இரண்டு முறை நீவினான்.

“கசக்கி ஜன்னல் வழியா வீசிட்டா. நான்தான் எடுத்தேன்” என்றான். பிறகு, எண் சரியாகத் தெரிகிறதா என்று பார்த்தபடியே கேட்டான்.

“ஆம்பளை கூப்பிட்டாலும் எடுப்பாங்களா?”