சாக்பீஸ் கோடு

மேலப்புதூர் வீட்டுச் சமையலறையில் விறகடுப்பைச் சுற்றி அரைவட்டமாக ஒரு சாக்பீஸ் கோடு. டீச்சர் இருதயமேரி தன் மகளுக்காகப் போட்டது. பத்து வயது வரை தாண்டக்கூடாது. பத்து முடிந்ததும் கிறிஸ்துமஸுக்குக் கலகலா பலகாரத்தை அவளே எண்ணெயில் போடலாம் என்று வாக்கு. லூர்துராணிக்குப் போன வாரம் பத்து முடிந்துவிட்டது. காலையிலேயே பாவாடையைத் தூக்கிச் செருகி, சடையைக் கொண்டையாக இறுக்கி, மாவைப் புதுச் சீப்பின் பல்லில் அழுத்திச் சுருட்டித் தட்டு நிறைய அடுக்கியிருக்கிறாள்.

எண்ணெய் காய்ந்து மணக்கிறது. கோட்டுக்குள் உட்கார்ந்திருப்பவள் மெட்ராசிலிருந்து வந்த மாமா மகள் ஜெசிந்தா. எட்டு வயது. குடையாக விரிந்த கவுன். அதன் இடுப்பு நாடா தரையில் புரள்கிறது. இருதயமேரி அவள் கையைப் பிடித்து, லூர்துராணி சுருட்டியவற்றை ஒவ்வொன்றாக எண்ணெயில் நழுவ விடுகிறாள். நுரை பொங்குகிறது. ஜெசிந்தா கலகலவென்று சிரிக்கிறாள்.

“அம்மா, நான்தான் போடணும்னு சொன்னீங்களே?”

“அவ நாலு நாள்ல ஊருக்குப் போயிடுவா. நீ இங்கதானே இருக்கப்போற?”

ஜெசிந்தா இன்னும் முன்னால் சாய்கிறாள். நாடாவின் நுனி கூடவே நகர்ந்து, எரியும் விறகை எட்டப் பார்க்கிறது. லூர்துராணி ஒரே எட்டில் கோட்டைத் தாண்டி அதைப் பிடித்து இழுக்கிறாள்.

“கோட்டுக்கு அந்தப் பக்கம் நில்லுன்னு எத்தனை தடவை சொல்றது!” வாணலியிலிருந்து கண்ணை எடுக்காமலே அதட்டுகிறாள் இருதயமேரி.

லூர்துராணி பின்வாங்கி வெளியே நிற்கிறாள். அந்த ஈடு வெந்து, அடுத்த ஈடும் வெந்து முடியும் வரை நாடாவைக் கையிலிருந்து விடவில்லை.