பாதி மூடிய சோக்

அன்புள்ள அத்தானுக்கு, ஜெனரேட்டரில் பவர் இன்னும் குறைவாகத்தான் வருகிறது. நீங்கள் எழுதியபடி பெட்ரோலை மாற்றினேன், ஃபில்டரைக் கழுவினேன், கரி பிடித்த பிளக்கைத் துடைத்தேன். ஆனாலும் நம் ஜூஸ் கடை மிக்ஸி முனகுகிறது. “அக்கா, இது அரைக்குதா, தூங்குதா?” என்று ஜூஸ் குடிக்க வருகிறவர்கள் கேலி செய்கிறார்கள். நேற்று மெக்கானிக் பிச்சையா அண்ணன் வந்து பார்த்தார். “இன்ஜினுக்குக் காத்து போற சோக்கு பாதி மூடிக் கெடக்குதும்மா. தள்ளிவிட்டா பழைய பவர் வந்துரும்” என்று கை நீட்டினார். நீங்கள் மஸ்கட்டுக்குப் புறப்பட்ட காலையில், வேன் ஹாரன் அடிக்க அடிக்க, கடைசியாக ஸ்டார்ட் செய்துகொடுத்துவிட்டுத் திறக்க மறந்த சோக். லீவர்மேல் உங்கள் பெருவிரல் கிரீஸ் அப்படியே இருக்கிறது. “தொடாதீங்கண்ணே” என்றேன். அவர் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார். லீவு எப்போது என்று எழுதுங்கள். அதுவரை பழத்தைச் சின்னதாக நறுக்கிப் போட்டுக்கொள்கிறேன்.