வேட்பாளரின் கணவர்

"அண்ணே, முதல்ல அந்த மைக்கை அணைங்க! தெரு பூரா கேக்குது!"

பாதி இறக்கிய ஷட்டருக்கு அடியில் குனிந்து வந்த டீக்கடைக்காரர் கத்திய கத்தலில், முன்னாள் கவுன்சிலரின் வாய் திறந்தது திறந்தபடி நின்றது. மேசை மேல் இருந்த மைக்கில் சிவப்பு விளக்கு ஜோராக எரிந்துகொண்டிருந்தது.

பாய்ந்து அணைத்தார். இனி அணைத்தால் என்ன, அணைக்காவிட்டால்தான் என்ன? கட்சியின் தேர்தல் அலுவலக வாசலில் ஜெனரேட்டர் போட்ட சத்தத்தில், தெருக்கோடிகளில் கட்டிய ஒலிபெருக்கிகளில் தன் குரல் முழங்கியது அவருக்கே கேட்கவில்லை.

விஷயம் இதுதான். அவருடைய வார்டைப் பெண்களுக்கென்று ஒதுக்கிவிட்டார்கள். நாற்காலியை விட மனசில்லாத மனுஷர், மனைவியை நிற்க வைத்தார். சுவரொட்டியில் அவர் படம் கதவளவு; வேட்பாளர் படம் தபால்தலை அளவு.

"தாய்மார்களே, பெண்குலம் ஆள வேண்டும்!" என்று கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் மைக்கில் உருகி முடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். மேசைக்கு அந்தப் பக்கம் துண்டறிக்கை மடித்துக்கொண்டிருந்த மனைவி, எதையும் வாய்விட்டுக் கேட்காதவள், அன்றைக்கென்று பார்த்து, "ஜெயிச்சா நான் என்னங்க பண்ணணும்?" என்று கேட்டாள்.

கேட்டதே அதிசயம். அவருக்கு மனம் குளிர்ந்துவிட்டது.

"சொல்ற இடத்துல கையெழுத்துப் போடு, மத்ததை நான் பாத்துக்கறேன். கூட்டம், கீட்டம்னு நீ எதுக்கு வரணும்? உனக்கு என்ன தெரியும்?"

"பொம்பளைங்க வந்து ஏதாவது கேட்டா?"

"எவ கேக்கப் போறா? சிரிச்சு ஒரு கும்பிடு போட்டா ஓட்டுப் போடற கூட்டம் அது. போட்ட கையோட அடுப்பங்கரைக்குப் போயிடுவாளுங்க!"

இந்த அருளுரைதான் வார்டு முழுக்கப் போயிருந்தது.

தலையில் அடித்துக்கொண்டார். அவர் மறதி ஊரறிந்தது. ஸ்கூட்டரைச் சந்தையில் நிறுத்திவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்து, வண்டி திருடு போய்விட்டது என்று போலீஸில் புகார் கொடுத்தவர். அந்த மறதி, பாவி மறதி, இன்றைக்கு ஆளையே கவிழ்த்துவிட்டது.

ஷட்டர் தடாலென்று மேலே போனது. கழுத்தில் அளவு நாடாவோடு தையல்கடை அக்கா நின்றாள். பின்னால் ஒரு பட்டாளமே நின்றது.

"அடுப்பங்கரையிலேர்ந்து நேரா வர்றோம்ணே. சொன்னதை இப்ப எங்க மூஞ்சியைப் பாத்துச் சொல்லுங்க."

"அது... ஒத்திகைம்மா. எதிர்க்கட்சிக்காரன் எப்படிப் பேசுவான்னு இவளுக்கு நடிச்சுக் காட்டினேன்."

"பிரமாதமா நடிச்சீங்க. போன தடவை குழாய்ல தண்ணி வரும்னு நடிச்சதை விட நல்லா இருந்துச்சு."

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. ஒருத்தி சுவரொட்டியில் அவர் முகத்தை நிதானமாகக் கிழித்தாள். தபால்தலையை மட்டும் சுவரில் விட்டுவைத்தாள்.

தையல்கடை அக்கா வேட்பாளர் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லும்மா. நாங்க போடற ஓட்டு உனக்கா, இந்தாளுக்கா?"

"எனக்கு," என்றாள் மனைவி. "சாயந்திரம் உங்க தெருவுக்குத் தனியா வரேன். கேக்கறதை என்னைக் கேளுங்க."

"வா. ஆனா இந்தாளு நிழல்கூட அங்க விழக் கூடாது. விழுந்துச்சு, உன் டெபாசிட்டும் சேந்து போயிடும்."

அவர்கள் போனதும் கட்சித் தலைவரிடமிருந்து போன் வந்தது. தலைவர் பேசியதில் அச்சில் ஏற்றக்கூடியது ஒரே வாக்கியம்தான்: "தேர்தல் முடியற வரைக்கும் வீட்டை விட்டு வெளிய வந்தேன்னா, கட்சியை விட்டும் வெளிய போயிடு!"

வாங்கிய வசவையெல்லாம் இறக்கிவைக்க அவருக்கு அகப்பட்டவர் மைக்செட்காரர். "ஓட்டை சுவிட்சைக் குடுத்து என் மானத்தை வாங்கிட்டியேய்யா!"

"சுவிட்சு நல்லாத்தாண்ணே இருக்கு," என்றார் அவர், ஒயர் சுற்றுவதிலிருந்து தலை நிமிராமல்.

"அப்ப நான் அணைக்கலைங்கறியா?"

"நான் வாசல்ல ஜெனரேட்டர்கிட்டதானேண்ணே நின்னேன்?"

டீக்கடைக்காரரைப் பார்த்தார். "மனசை விடாதீங்கண்ணே, ஸ்ட்ராங்கா ஒரு டீ அனுப்பறேன்," என்று அவரும் நழுவினார். ஒரு பயலும் பிடி கொடுத்துப் பேசவில்லை.

மிச்சம் இருந்தது புருஷனும் பெண்டாட்டியும். மேடையில் ஆயிரம் தடவை "மன்னிக்கணும்" சொன்ன வாய்க்கு, வீட்டுக்காரியிடம் சொல்வது புதிதாக இருந்தது.

"என் மறதியால உன்னையும் சந்தி சிரிக்க வெச்சுட்டேன். மன்னிச்சுக்கோம்மா."

அவள் துண்டறிக்கைக் கட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

"நீயாவது நேராச் சொல்லு. பேசி முடிச்சதும் அந்தச் சனியனை நான் அணைச்சேனா, இல்லையா?"

வாசல் வரை போனவள் நின்று, திரும்பி, கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக அவரை நேருக்கு நேர் பார்த்தாள்.

"அணைச்சீங்க. நான்தான் திரும்பப் போட்டேன்."