கூளி உயர்வு

"எங்களுக்குக் கூளி உயர்த்தித் தர வேண்டும்" என்று மனுவை உரக்கப் படித்துவிட்டு, கணக்குப்பிள்ளை ராமமூர்த்தி வயிறு குலுங்கச் சிரித்தார். "கூளின்னா பேய், முதலாளி! பேயை உசத்திக் கேக்குறாளுங்க!"

முதலாளி ஆபித் பாஷா சிரிக்கவில்லை. எடுபிடியான என்னைப் பார்த்தார்.

"கன்னியப்பா, இது நீ எழுதினதா?"

"நான் எட்டாங்கிளாஸ் வரைக்கும் படிச்சவன், முதலாளி. கணக்குலதான் பெயில். கூலிக்குச் சின்ன ல-ன்னு எனக்குத் தெரியும்."

ஆம்பூரில் எங்கள் தோல் ஷாப்பில், தோல் பதனிட ஆவாரம்பட்டை இடிக்கிற பெண்கள் பன்னிரண்டு பேர். நாள் முழுக்க இடித்தால் இரண்டு அணா. அதை மூன்றாக்கச் சொல்லித்தான் மனு. கீழே பன்னிரண்டு கைநாட்டு. ஒருத்திக்கும் எழுத்து தெரியாது.

"மெட்ராஸ் சங்கத்துக்காரன் எவனோ உள்ள பூந்துட்டான்" என்றார் முதலாளி. "எழுதினவன் யாருன்னு சாயங்காலத்துக்குள்ள தெரியணும். இல்லேன்னா, முதல் கைநாட்டு வெச்ச பூவம்மாளுக்கு நாளைலேர்ந்து வேலை இல்லை. போய் விசாரி."

போனேன். பூவம்மாள் உலக்கையை நிறுத்தவே இல்லை.

"சொல்லுக்கா. வேலை போய்டும்."

"போனா வீட்ல மூணு புள்ளைங்க பட்டினி. அது எனக்குத் தெரியாதா? அதுக்காக எழுதிக் குடுத்தவங்களைக் காட்டிக் குடுக்கச் சொல்றியா? தள்ளி நில்லு, பட்டைத் தூசி மூக்குல ஏறும்."

ஏறியது. தும்மிக்கொண்டே திரும்பினேன்.

அன்று முதலாளி வீட்டு வேலைக்காரருக்குக் காய்ச்சல். மத்தியானம் கடைக்குப் போக என்னைக் கூப்பிட்டார்கள். திரைக்குப் பின்னாலிருந்து முதலாளியின் மனைவி முனவ்வர் பேகத்தின் கை மட்டும் ஒரு சீட்டை நீட்டியது.

'வெள்ளம் ஒரு வீசை.'

என் வாய் சும்மா இருக்காது. "அம்மா, ஒரு வீசை வெள்ளம் வந்தா வீடே முழுகிடும். வெல்லத்துக்குச் சின்ன ல."

"அப்படியா பேட்டா? பையன் புஸ்தகத்தைப் பார்த்து நானே கத்துக்கிட்டது." நீட்டிய கை திரைக்குள் போனது. "அப்போ... கூலிக்கு?"

சீட்டு என் கையிலிருந்து நழுவியது.

"கூலிக்கும் அதேதாம்மா."

"யா அல்லாஹ்! அவர் சிரிச்சாரா?"

"கணக்குப்பிள்ளைதான் சிரிச்சாரு. முதலாளி பூவம்மாளை நிறுத்தப் போறாரு."

"நிறுத்தறதா? அவ இடிக்கிறதை நான் தினம் ஜன்னல்லேர்ந்து பார்க்கறேன். இவரை ரெண்டு நிமிஷம் உலக்கை புடிக்கச் சொல்லு, பார்ப்போம்." திரை ஆடியது. "கடைக்கு அப்புறம் போ. அந்தச் சீட்டை அவர்கிட்டயே குடு. ல-வைத் திருத்தாதே."

திருத்தாமல் கொடுத்தேன். "வீட்லேர்ந்து குடுத்தாங்க" என்றேன்.

முதலாளி சீட்டைப் பார்த்தார். மனுவைப் பார்த்தார். மறுபடி சீட்டை. கணக்குப்பிள்ளை எட்டிப் பார்க்கவும், இரண்டையும் சேர்த்து மடித்து ஜேபியில் திணித்தார்.

"ஆள் அகப்பட்டுட்டானா முதலாளி? போலீசுக்குச் சொல்லட்டுமா?"

"வேணாம், வேணாம்! அவன் ரொம்பப் பொல்லாதவன். பொம்பளைங்களுக்கு நாளைலேர்ந்து மூணு அணா போடுங்க. பூவம்மாளுக்கும்தான்."

கணக்குப்பிள்ளை பேரேட்டைப் புரட்டினார்.

முதலாளி என்னைத் தனியாக அழைத்தார். "கன்னியப்பா, யார் கேட்டாலும், முதலாளிக்குத் தானாவே மனசு எரங்கிச்சுன்னு சொல்லு. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது."

மறுநாள் காலையில் அந்தப் பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "இன்னா தம்பி, முதலாளி மனசு எப்படி மாறிச்சு?"

தானாகவே மாறியது என்று சொல்லச் சொல்லி எனக்கு உத்தரவு.

நான் அதைச் சொல்லவில்லை. முதலாளி வீட்டு ஜன்னலைக் கண்ணால் காட்டினேன்.