ஏழாம் நம்பர் வாட்ச்

திருட்டுப் போக வேண்டியது ஒரே ஒரு வாட்ச்தான். பன்னிரண்டில் ஒன்று. அதுவும் ஏழாம் நம்பர்.

சர்வேயர் இதை மச்சினனிடம் மூன்று தடவை சொல்லிவிட்டார். ஊரையே அளந்து ரிட்டயர் ஆன மனுஷர். ஒரு அங்குலம் பிசகினாலும் தாங்காது.

"மேல் தட்டுல ஆறு, கீழ்த் தட்டுல ஆறு. கீழ இடது ஓரத்துல இருக்கறதை மட்டும் எடு. மத்ததுல கை வச்சே, மச்சினன்னுகூடப் பார்க்க மாட்டேன்."

"சொந்த வாட்சைத் திருடச் சொல்ற ஆளை இப்பத்தான் அத்தான் பார்க்கிறேன்."

"அது உனக்கு எதுக்கு? எடுத்துட்டுப் போய் ஆத்துல போடு."

மச்சினன் தலையாட்டினான். தலையாட்டுகிறவனை எல்லாம் நம்ப முடியுமா? மாடுகூடத்தான் ஆட்டுகிறது. இவன் இரவல் வாங்கிப் போன குடை, ஏணி எதுவும் அந்த வீட்டுக்குத் திரும்பி வந்ததில்லை. ஆனாலும் சர்வேயருக்கு வேறு ஆள் இல்லை.

விஷயம் இதுதான். அவர் பழைய குரோனோகிராஃப் வாட்ச் சேர்ப்பவர். பக்கவாட்டில் இரண்டு பொத்தான் இருக்கும். ஒன்றை அமுக்கினால் முள் ஓடும், இன்னொரு தடவை அமுக்கினால் நிற்கும். இந்த ரகத்துக்கு ஒரு கிறுக்குச் சட்டம் உண்டு. புதுசாக மினுமினுத்தால் மதிப்பு இல்லை. டயல் தானாகப் பழுத்து நிறம் மாறியிருக்க வேண்டும். மனுஷன் மூஞ்சி பழுத்தால் சீந்த நாதியில்லை, வாட்ச் மூஞ்சி பழுத்தால் தலையில் வைத்துக் கூத்தாடுகிறார்கள்.

ஏழாம் நம்பர் தேன் நிறத்தில் பழுத்திருந்தது. எட்டு வருஷமாக வாட்ச் சங்கத்தில் அதைக் காட்டித்தான் சர்வேயர் மீசையை முறுக்கிக்கொண்டிருந்தார். போன மாதம் ரிப்பேர்காரர் அதைத் திறந்து பார்த்துச் சிரித்துவிட்டார்.

"சார், இது பழுத்த டயல் இல்லை. தேன் கலர் பெயிண்டைக் கலந்து எவனோ மேல அடிச்சிருக்கான்."

ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம், சர்வேயர் வீட்டில். தலைவர் பூதக்கண்ணாடியோடு வந்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பார். ஏழாம் நம்பரைத் திறந்தால் எட்டு வருஷ மானம் போச்சு. விற்றால் வாங்குகிறவன் திறப்பான். ஒளித்து வைத்தால் எங்கே என்று கேட்பார்கள். களவு போனால்தான் கௌரவம். களவு போன வாட்சை யாரும் திறந்து பார்ப்பதில்லை. செத்துப்போன மாமியார் மாதிரி, அதற்கப்புறம் அதற்கு நல்ல பெயர் மட்டும்தான்.

சனிக்கிழமை காலை முடிவெட்டப் போய்விட்டு வந்தார். அலமாரியைத் திறக்கவே இல்லை. கடைசியாக ஒரு தடவை பார்த்தால் மனசு இளகிவிடும் என்று பயம். பின்பக்க ஜன்னல் கொக்கியை எடுத்துவிட்டு, ஆஸ்பத்திரியில் கிடக்கும் பெரியப்பா மகனைப் பார்க்க மனைவியோடு கிளம்பினார்.

மத்தியானம் திரும்பி வந்தால், அலமாரி ஆவென்று வாயைப் பிளந்து கிடந்தது. வாட்ச் வைக்கிற பன்னிரண்டு குழியும் காலி.

சர்வேயர் ஒரு வாரமாக ஒத்திகை பார்த்து வைத்திருந்த 'ஐயோ' தேவைப்படவில்லை. நிஜ ஐயோவே வந்துவிட்டது.

"பன்னிரண்டுமாங்க போச்சு?" என்றாள் மனைவி. "போலீஸைக் கூப்பிடட்டுமா?"

"வேண்டாம்."

"ஏங்க? கைரேகை எடுத்து, எந்தப் பய வந்தான்னு சொல்லிடுவாங்களே."

"வேண்டாம்ங்கிறேன்ல."

"உங்க பொருள், உங்க இஷ்டம்" என்று போனை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். அவள் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. ஏன் இருக்கப் போகிறது? அது அவள் துணிமணிக்கென்று வாங்கின அலமாரி. அவள் துணி கட்டிலுக்கு அடியில் டிரங்குப் பெட்டியில் குடியிருந்து பதினைந்து வருஷம் ஆகிறது.

சர்வேயர் ரகசியமாக போன் போட்டார். மச்சினன் அரை மணியில் வந்து நின்றான். வந்ததும் சட்டைக் காலரைப் பிடித்தார்.

"மீதி பதினொண்ணு எங்கடா?"

"சத்தியமா அத்தான், ஒண்ணுதான் இருந்துச்சு. மத்த குழியெல்லாம் காலி. நீங்கதான் பத்திரமா எடுத்து வச்சிருக்கீங்கன்னு நெனச்சேன்."

"யார் காதுல பூ சுத்தறே?"

"அப்ப போலீஸ்ல சொல்லுங்க. யார் சொல்லித் திருடினேன்னு நானும் சொல்றேன்."

சர்வேயர் கை தானாகக் காலரை விட்டது. ஜன்னலைத் திறந்து வைத்துத் திருடனை அழைத்தவன் எந்தக் கோர்ட்டில் போய் நியாயம் கேட்பான்?

மச்சினன் கைக்குட்டையைப் பிரித்து ஏழாம் நம்பரை மேஜைமேல் வைத்தான். "ஆத்துல போட மனசு வரலை. நீங்களே வச்சுக்குங்க."

"பதினொண்ணையும் முழுங்கிட்டு இதைத் திருப்பித் தர்றியா? ராஸ்கல், நீ இப்படிச் செய்வேன்னு எனக்கு முதல்லயே தெரிஞ்சிருக்கணும்."

"அவனை ஏன் திட்டறீங்க?"

மனைவி டீயோடு வந்து நின்றாள். மேஜைமேல் இருந்த வாட்சைப் பார்த்தாள். திடுக்கிடவில்லை. டம்ளரை அதற்குப் பக்கத்தில் வைத்தாள்.

"பாவம், அவன் எடுத்தது ஒண்ணுதான். எந்தக் காரியம்னாலும் அக்காகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுத்தான் செய்வான்."

சர்வேயர் மச்சினனைப் பார்த்தார். மச்சினன் ஜன்னலைப் பார்த்தான்.

"காலையில நீங்க முடிவெட்டப் போனப்ப உங்க சங்கத் தலைவரை வரச் சொல்லி, பதினொண்ணையும் வித்துட்டேங்க. இது மட்டும் பெயிண்ட் அடிச்ச டயலாம், சும்மா கொடுத்தாலும் வேண்டாம்னு சிரிச்சுட்டுப் போனாரு."