சாத்திய கதவு

கதவு உள்ளே தாழிட்டிருந்தது. லெஸ்லி அதில் காதை வைத்துப் பார்த்தார். கிதார் தந்தி ஒன்று 'டொய்ங்' என்று முனகியது. அப்புறம் யாரோ மெதுவாகப் பேசும் சத்தம்.

"உள்ள என்னதான்டா பண்றான் அவன்?" என்று கேட்டார், பாஸ் கிதாரைத் தூக்கிக்கொண்டு வந்த கீத்திடம்.

"எனக்கென்னப்பா தெரியும்?" கீத் அவர் முகத்தைப் பார்க்காமலேயே கதவைத் தட்டினார். கதவு கீத்துக்குத் திறந்தது. லெஸ்லியின் மூக்கை உரசிக்கொண்டு மறுபடியும் சாத்திக்கொண்டது.

போகிற ஊரிலெல்லாம் இதே கூத்துதான். கச்சேரிக்கு முன்னால் கிதார்காரர் நெவில் குழுவில் எல்லாரையும் உள்ளே கூப்பிட்டுக்கொள்வார், லெஸ்லியைத் தவிர. ஐம்பது வருஷமாக இந்த ராக் குழுவுக்குக் குரல் யார்? லெஸ்லிதானே! அவருக்கே கதவடைப்பு.

இருவருக்கும் பேச்சு நின்று பன்னிரண்டு வருஷம் ஆகிறது. ஓர் ஒத்திகையில் நெவில்தான் வாயை விட்டார். "வயசாகுதுடா லெஸ். 'உப்பு நகரம்' பாட்டை இனிமே சுருதியில அரைக் கட்டை இறக்கிப் பாடிக்கலாமா?"

லெஸ்லிக்கு வந்ததே கோபம்! "முதல்ல என்னைப் பெட்டியில வச்சுக் குழியில இறக்குடா. அப்புறமா பாட்டை இறக்கு!"

அன்றோடு சரி. தனிக் கார், தனி அறை, தனிச் சாப்பாடு. மேடையில் மட்டும் பக்கத்தில் பக்கத்தில். அந்தப் பாட்டின் உச்சியைப் பிடித்து நெவில் முகத்தில் கரியைப் பூசுவதில்தான் லெஸ்லி உயிரையே வைத்திருந்தார். நேற்று லீட்ஸில்கூடப் பிடித்தார். கொஞ்சம் இழுத்துக்கொண்டுதான், ஆனால் பிடித்தாரா இல்லையா?

போதும் என்று இன்று முடிவு கட்டிவிட்டார். லண்டனில் சின்னப் பையன்கள் குழு ஒன்று அவரை மட்டும் பாடக் கூப்பிட்டிருந்தது. "ரெக்கார்டுல இருக்கற மாதிரியே, ஒரு இழை பிசகாம வாசிப்போம் சார்" என்றார்கள். கச்சேரி முடிந்ததும் நெவில் முகத்துக்கு நேராக 'நான் போறேன்' என்று சொல்லிவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்.

அதற்கு இன்னும் பொழுது இருந்தது. அன்றைய கச்சேரி ஊரான ஸ்கார்பரோவின் கடற்கரையில் தூறல். ஈர பெஞ்சில் உட்கார்ந்து, வினிகர் தெளித்த சிப்ஸைத் தின்றார். கடற்காகம் ஒன்றுதான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. அதுவும் சிப்ஸுக்காக.

குளிர் தாங்காமல் ஒரு மதுக்கடைக்குள் நுழைந்தார். உள்ளே கிழவர்களும் கிழவிகளுமாகக் கரோக்கி நடந்துகொண்டிருந்தது. தலைக்கு ரோஸ் நிறச் சாயம் அடித்த பெண்மணி மைக்கை நீட்டினாள்.

"வா கண்ணு, சும்மா நிக்காத. என்ன பாட்டு போடட்டும்?"

"உப்பு நகரம்."

"அட! பாடினவரோட ஜாடை கொஞ்சம் உனக்கும் இருக்கே. பாவம், அவரு போய்ச் சேர்ந்துட்டாருல்ல?"

"இன்னும் இல்ல" என்றார் லெஸ்லி.

இசை தொடங்கியது. முதல் அடியே, ஏணியின் பாதிப் படியில் கொண்டுபோய் நிறுத்தியதுபோல் இருந்தது. சமாளித்தார். உச்சி வந்தது. வாயைத் திறந்தால், எண்ணெய் போடாத கீல் மாதிரி ஒரு கிறீச்! ஒரு கிழவி பரிதாபப்பட்டுக் கை தட்டினாள். மற்றவர்கள் சீட்டாட்டத்துக்குத் திரும்பிவிட்டார்கள்.

"உன் மிஷின்ல ஏதோ கோளாறு."

"மிஷின் என்ன கண்ணு பண்ணும்? ரெக்கார்டுல என்ன சுருதியோ அதேதான். விடு, ஆளுக்கு ஆள் தொண்டை ஒரே மாதிரியா இருக்கும்?"

வெளியே ஓடி, அலையைப் பார்த்துத் தனியாகப் பாடிப் பார்த்தார். காதில் இன்னும் அந்த மிஷினின் சுருதிதான் நின்றது. மறுபடியும் கிறீச். அவ்வளவுதான். நேற்று இருந்த குரல் இன்று இல்லை.

யாரிடம் போய் அழுவது? மனைவி ஷீலா இருந்தால் அவளிடம் சொல்லலாம்; அவளைப் புதைத்து நாளாகிவிட்டது. கைப்பேசியை எடுத்து மேலும் கீழும் தள்ளினார். இத்தனை பேர் இருந்து என்ன பிரயோஜனம்? குரல் போனால் என்ன போகும் என்று தெரிந்தவன் உலகத்தில் ஒருத்தன்தான். அவன் அந்தக் கதவுக்குப் பின்னால் இருந்தான்.

அரங்கத்துக்கு வந்து கதவைப் படபடவென்று தட்டினார். கீத் லேசாகத் திறந்ததும் இடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

நெவில் மூக்கு நுனியில் கண்ணாடியோடு, மடியில் கிதாரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"நெவில்..." பன்னிரண்டு வருஷத்தில் முதல் வார்த்தை. அதற்கே லெஸ்லிக்குக் கண் கலங்கிவிட்டது. "என் குரல் போயிடுச்சுடா. சத்தியமா. இன்னிக்கு என்னால பாட முடியாது. வந்த ஜனத்தைத் திருப்பி அனுப்பச் சொல்லிடு."

கீத் தலையைக் குனிந்துகொண்டார். நெவில் பதறவில்லை. காலால் ஒரு நாற்காலியை அவர் பக்கம் தள்ளிவிட்டு, தந்தியைத் தளர்த்துகிற வேலையைத் தொடர்ந்தார்.

"அது போயி பன்னெண்டு வருஷமாச்சுடா லெஸ்; உக்காரு, இன்னிக்கு இன்னொரு அரைக் கட்டை இறக்கிட்டேன்."