ஏழாவது போன்

அருப்புக்கோட்டையில் ஓர் அறக்கட்டளை நடத்தும் கால்நடை உதவி மையத்தில் ஆறு போன்கள் உண்டு. எல்லாம் இன்டர்நெட்டில் ஓடுபவை. அவற்றின் சர்வரைப் பார்த்துக்கொள்பவள் அஸ்மா.

நான்கு நாளாக ஒரு போன்கூட அடிக்கவில்லை. நரிக்குடிப் பக்கம் ஆடுகள் கழிச்சல் கண்டு செத்துக்கொண்டிருந்த நேரம் அது. அழைப்புகளைக் கொண்டுவந்து சேர்க்கும் தொலைபேசிக் கம்பெனிக்காரனைப் பிடித்தாள்.

"எங்க பக்கம் கோளாறே இல்ல மேடம். எல்லா காலும் அங்கதான் வருது. ஏழாவது போன்ல எடுத்துப் பேசுறாங்க."

அஸ்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இருக்கதே ஆறு போனு. வாயில வந்தத எல்லாம் சொல்லுவீகளா? இங்க ஆடு சாகுதுங்க!"

சர்வரின் பதிவுகளை ஒன்றுவிடாமல் பார்த்தாள். நான்கு நாளில் ஓர் அழைப்பும் வந்திருக்கவில்லை.

மதியம் பரளச்சியில் ஆடு வளர்க்கும் காளிராஜ் நன்றி சொல்ல நேரிலேயே வந்துவிட்டார். "நேத்து போன்ல அந்தம்மா சொன்னபடிதான் செஞ்சேன். மூணு ஆடும் எந்திரிச்சிருச்சு."

"எந்தம்மா?" என்றாள். மையத்தில் அவளைத் தவிர வேறு பெண் கிடையாது.

அவர் போனதும் தன் செல்போனிலிருந்து மையத்தின் எண்ணுக்கு அடித்தாள். உடனே எடுத்தார்கள்.

"அஸ்மாவா? நாலு நாளா நான் ஒருத்தியே எத்தனை போனத்தான் எடுக்க? அங்கன எல்லாரும் உக்காந்து என்னதான் செய்யுறீக?"

அந்தக் குரலுக்குப் பின்னால் ஆறு போன்கள் விடாமல் அடித்துக்கொண்டிருந்தன. அஸ்மாவின் எதிரே ஆறும் சத்தமில்லாமல் கிடந்தன.